இபே ஏலத்தில் ஆரம்ப விலை எவ்வளவு வைப்பது? (தமிழ் எல்பி ரெக்கார்டுகள், பழைய கேமரா)

ஜெர்சிவாசி:

வணக்கம். நியூ ஜெர்சியில் இருந்து அமெரிக்க இபேயில் சில பழைய பொருட்களை ஏலத்துக்கு விடப் போகிறேன். நிலையான விலை போட்டு விற்றுப் பழக்கம் இருக்கிறது, ஏலம் புதிது. கையில் இருப்பவை:

எழுபது எண்பதுகளில் வந்த தமிழ் சினிமாப் பாட்டு எல்பி ரெக்கார்டுகள் 34. எக்கோ, எச்எம்வி, இன்ரிகோ கம்பெனிகள். இதில் எட்டு, ஆட்கள் தேடி வாங்குகிற ரகம் என்று தெரிகிறது. மற்றவை சாதாரணம்.

கேனான் ஏஇ-1 பிலிம் கேமரா ஒன்று, 50 மிமீ லென்ஸோடு.

கீறல் விழுந்த ஆங்கிலப் பாட்டு எல்பிகள் ஒரு பெட்டி, அறுபது இருக்கும்.

"99 சென்ட்டில் ஆரம்பி, தானாக ஏறும்" என்று சிலர் சொல்கிறார்கள். "வேண்டிய விலையிலேயே ஆரம்பி" என்று வேறு சிலர். விற்றுப்போன கேமராக்களைத் தேடினால் 60 டாலரும் இருக்கிறது, 180 டாலரும் இருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது? ஷிப்பிங்கை இலவசமாகப் போட்டால் நிறையப் பேர் கேட்பார்களா? ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று மறைவாக வைக்கும் விலை) வைத்துவிட்டால் பயமில்லாமல் 99 சென்ட்டில் ஆரம்பிக்கலாமா?

---

பழையபொருள்:

முதலில் இபே ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஏலம் கேட்கிறவர் தன்னுடைய உச்ச விலையைப் போடுகிறார். அது வெளியே தெரியாது. அவருக்கு அடுத்து இருப்பவரின் உச்ச விலைக்கு மேல் ஒரே ஒரு படிதான் இபே ஏற்றும். படியின் அளவு விலைக்கு விலை மாறும்: 1 முதல் 4.99 டாலர் வரை 25 சென்ட், 5 முதல் 24.99 வரை 50 சென்ட், 25 முதல் 99.99 வரை 1 டாலர், 100 முதல் 249.99 வரை 2.50 டாலர்.

ஒரு எல்பியை 9.99-ல் ஆரம்பிக்கிறீர்கள். ஒருவர் 60 டாலர் வரை போகத் தயார், இன்னொருவர் 42 வரை. ஏலம் 43-ல் முடியும். 42 போட்டவர் அந்த வாரம் இபே பக்கமே வரவில்லை என்றால்? 60 கொடுக்கத் தயாராக இருந்தவருக்கே அந்த எல்பி 9.99-க்குப் போய்விடும். அதே எல்பியை 35-ல் ஆரம்பித்திருந்தால் அவர் தனியாக வந்தாலும் 35 கிடைத்திருக்கும்.

ஆக, விலையை நிர்ணயிப்பது இரண்டாவதாக வருகிறவர். அவர் வராவிட்டால் அந்த இடத்தில் நிற்க உங்கள் ஆரம்ப விலையை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதனால் பொருள் எவ்வளவு பெறும் என்று மட்டும் பார்க்காமல், அதன் விவரம் தெரிந்து வாங்க நினைக்கிற எத்தனை பேர் அந்த ஏழு நாளுக்குள் வருவார்கள் என்று கணக்குப் போடுங்கள். மூன்று நான்கு பேர் நிச்சயம் என்றால் குறைவாக ஆரம்பிக்கலாம், போட்டி விலையைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஒருவரோ இருவரோதான் என்றால், எந்த விலைக்குக் கீழே கொடுக்க மனம் ஒப்பாதோ அதுதான் ஆரம்ப விலை.

எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? தேடலில் 'விற்றவை', 'ஏலம்' இரண்டு வடிகட்டிகளையும் போடுங்கள், கடந்த 90 நாள் விற்பனை வரும். ஒவ்வொன்றையும் திறந்து பிட் (ஏலத்தில் கேட்கும் தொகை) வரலாற்றைப் பாருங்கள். '14 பிட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், இரண்டே பேர் மாறி மாறிப் போட்டும் பதினான்கு வரும். உள்ளே எத்தனை தனித்தனி ஆட்கள் என்று எண்ணுங்கள். முதல் நாளில் 2 டாலர், 3 டாலர் என்று போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களைக் கழித்துவிடுங்கள். முடிந்த விலைக்கு அருகே, அதாவது அதில் முக்கால் பங்குக்கு மேல் கேட்டவர்கள் எத்தனை பேரோ அவர்கள்தான் உங்களுக்கு வேண்டிய ஆட்கள்.

90 நாளில் அந்தப் பொருள் வரவே இல்லை என்றால் இபேயில் விற்பவர்களுக்கான செல்லர் ஹப் பக்கத்தில் டெரபீக் என்று ஒரு ஆராய்ச்சிப் பகுதி இருக்கிறது, தனிக் கட்டணம் கிடையாது. மூன்று வருடம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். விற்றவற்றோடு விற்காமல் முடிந்தவற்றையும் பாருங்கள். 40 டாலரில் ஆரம்பித்து ஒருவரும் கேட்காமல் நான்கு முறை திரும்பிய பொருளை, ஒரே ஒரு முறை 60-க்கு விற்றது என்பதற்காக 45-ல் ஆரம்பிப்பதில் பிரயோஜனம் இல்லை.

---

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னது சரி. அதற்கு முன்னால் அடிமட்ட விலையைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமலே 99 சென்ட் போட்டுவிடுகிறார்கள்.

இபேயின் விற்பனைக் கட்டணம் பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. ஷிப்பிங், வாங்குபவர் கட்டும் விற்பனை வரி எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும் எடுப்பார்கள். 2025 பிப்ரவரியில் மாற்றிய பட்டியலின்படி, இபே ஸ்டோர் இல்லாதவருக்குப் பெரும்பாலான வகைகளில் 13.6 சதவீதம். கூடவே ஆர்டருக்கு 40 சென்ட், மொத்தம் 10 டாலருக்குள் இருந்தால் 30 சென்ட். பட்டியல் அவ்வப்போது மாறும், லிஸ்டிங் போடுகிற அன்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

99 சென்ட்டில் ஆரம்பித்த எல்பியை ஒருவர் மட்டும் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்பிங் 5.50 வசூலிக்கிறீர்கள். சேர்ந்து 6.49. வாங்கியவரும் நியூ ஜெர்சி என்றால் 6.625 சதவீத வரி, அது 43 சென்ட். மொத்தம் 6.92. அதில் 13.6 சதவீதம் 94 சென்ட், அதோடு 30 சென்ட், ஆக 1.24 கட்டணம். உங்களிடம் வந்து சேர்வது 5.25. தபாலுக்கு 5 டாலரும் ரெக்கார்டு அனுப்பும் அட்டைக்கு ஒன்றரையும் ஆனால், எல்பியையும் கொடுத்து ஒன்றேகால் டாலர் கைக்காசும் போட்டிருக்கிறீர்கள்.

இலவச ஷிப்பிங் என்று போட்டிருந்தால் இந்த நஷ்டம் ஆறு டாலரை நெருங்கும். நிலையான விலைக்கு இலவச ஷிப்பிங் சரிதான், விலைக்குள் ஏற்றிவிடலாம். ஏலத்தில் விலை எங்கே நிற்கும் என்று தெரியாமல் தபால் செலவை நீங்கள் ஏற்கக் கூடாது. ஷிப்பிங்கை ஏற்றி வைத்துப் பொருளைக் குறைவாகக் காட்டுகிற பழைய உத்தியும் இப்போது எடுபடாது. கட்டணம் இரண்டுக்கும் சேர்த்துத்தான், வாங்குகிறவர்களும் ஷிப்பிங்கைக் கூட்டி வரிசைப்படுத்தித்தான் பார்க்கிறார்கள்.

கேமராவுக்கு: கைக்கு 60 டாலராவது நிற்க வேண்டும் என்று வையுங்கள். ஷிப்பிங் 12 வாங்கி 12-ம் செலவு, பெட்டி, குமிழ் உறைக்கு 2. வரி சுமார் 7 சதவீதம் என்றால் கட்டணம், விலையும் ஷிப்பிங்கும் சேர்ந்த தொகையில் ஏறக்குறைய 14.55 சதவீதமும் 40 சென்ட்டும். ஏலம் 75-ல் முடிந்தால் 87-க்கு 12.66, அதோடு 40 சென்ட், 13.06 கட்டணம். 75-ல் அதையும் பெட்டிச் செலவையும் கழித்தால் 59.94. ஆக 60 வேண்டும் என்றால் 75-க்குக் கீழே போகக் கூடாது.

இந்த எண் உங்கள் ஆரம்ப விலையாகவே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இதற்குக் கீழே ஆரம்பித்தால் எவ்வளவை ஆபத்தில் வைக்கிறீர்கள் என்று தெரிந்து ஆரம்பியுங்கள்.

---

எல்பி_ரசிகன்:

தமிழ் எல்பிக்கு மட்டும் சொல்றேன்.

இது சின்ன சந்தை. ஆனா தேடுறவங்க வெறியாத் தேடுவாங்க. ஒரே எல்பி மார்ச்சில் 18 டாலருக்குப் போகும், ஜூனில் 70-க்குப் போகும். அந்த வாரம் ரெண்டு கலெக்டர் மோதினாங்களா இல்லையாங்கறதுதான் வித்தியாசம். சராசரியை நம்பாதீங்க. டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்புக்குக் குறைந்தபட்சம், நடு விலை, அதிகபட்சம் மூணும் காட்டும். பாப்சைக் தளத்தில் பழைய ஏல முடிவுகள் கிடைக்கும். நடு விலையில் பாதியை ஆரம்ப விலையா வைக்கிறது தமிழ் எல்பிக்குப் பாதுகாப்பான அளவு. நடு விலை 40-னா 19.99. தேடுகிற ரகம், உறையும் நல்லா இருக்குன்னா 9.99-க்கு இறங்கலாம். 99 சென்ட் வேண்டவே வேண்டாம், இங்கே அவ்வளவு கூட்டம் கிடையாது.

விலை பாக்கும்போது பதிப்பை ஒப்பிட்டுப் பாருங்க. லேபிள் கிட்ட, பாட்டு முடிஞ்சு ஊசி சுத்துற வெற்று வட்டத்தில் பொறிச்சிருக்கிற மேட்ரிக்ஸ் எண்ணைச் சாய்வா வெளிச்சம் அடிச்சுப் படிங்க. கேட்டலாக் எண் உறையிலும் லேபிளிலும் ஒண்ணா இருக்கணும். உறை ஒரு பதிப்பு, உள்ளே வேற பதிப்புன்னா விலை பாதி கூடத் தேறாது, திருப்பி அனுப்பவும் செய்வாங்க.

தரம் குறிக்கிறது ரெக்கார்டு விக்கிறவங்க பயன்படுத்துற கோல்ட்மைன் முறைப்படிதான், மேலிருந்து கீழா: நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி. ரெக்கார்டுக்குத் தனி, உறைக்குத் தனி. நம்ம ஊரில் இருந்து வந்த எல்பியில் பெரும்பாலும் விஜிதான் உண்மை. ஈரம் பட்ட உறை, பேனாவால் எழுதின பேர், கடை முத்திரை, ஓரத்தில் செலோடேப் எல்லாத்தையும் படம் எடுத்துப் போடுங்க. விஜி எல்பியை நியர் மின்ட் விலையோட ஒப்பிட்டு ஆரம்ப விலை வைக்கிறதுதான் ஏலம் ஒரு பிட் கூட இல்லாம முடியறதுக்கு முதல் காரணம்.

அடுத்தது தலைப்பு. இளையராஜா பேரையே ஆங்கிலத்தில் மூணு நாலு விதமா எழுதறாங்க. படத்தின் பேரும் அப்படித்தான். தலைப்புக்கு 80 எழுத்து இடம் இருக்கு. உறையில் அச்சடிச்சிருக்கிற எழுத்துக்கூட்டல், பொதுவாத் தேடுற எழுத்துக்கூட்டல் ரெண்டையும் உள்ளே கொண்டாந்துடுங்க. கூடவே தமிழ், எல்பி, கம்பெனி பேர். தேடலில் சிக்காத லிஸ்டிங்குக்குக் குறைந்த ஆரம்ப விலை வச்சா அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

முடியற நேரம். ஏலம் எந்த நிமிஷம் ஆரம்பிக்குதோ, ஏழு நாள் கழிச்சு அதே நிமிஷம் முடியும். அமெரிக்கப் பொருளுக்கு ஞாயிறு ராத்திரின்னு சொல்வாங்க. தமிழ் எல்பி வாங்கறவங்க சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன்னு பரவியிருக்காங்க. கோடைக் கணக்கில் நியூ ஜெர்சி ஞாயிறு காலை 11 மணின்னா சென்னையில் ராத்திரி 8.30, சிங்கப்பூர், மலேசியாவில் 11, லண்டனில் சாயங்காலம் 4. எல்லாரும் முழிச்சிருக்கிற நேரம் அது. கடைசி பத்து விநாடியில்தான் பெரிய பிட் விழும், அதனால் இது முக்கியம். வெளிநாட்டுக்கு அனுப்புறதையும் திறந்து வைங்க. அமெரிக்காவுக்குள்ள மட்டும்னு போட்டா மேலே சொன்ன ஆளுங்க கணக்கு பாதியாயிடும், அப்ப ஆரம்ப விலையை ஏத்தியே ஆகணும்.

எட்டையும் ஒரே நிமிஷத்தில் முடிய விடாதீங்க. அஞ்சு பத்து நிமிஷ இடைவெளி கொடுங்க. ஒண்ணைத் தோத்தவர் அடுத்ததுக்குத் தாவுவார். பல எல்பி சேர்த்து வாங்கினா ஷிப்பிங் குறையும்னு எழுதிடுங்க, ரெண்டாவது எல்பியில் இருந்து ஒரு டாலர் கூடுதல் போதும். அமெரிக்காவுக்குள்ள தபால் துறையோட மீடியா மெயில் சேவையில் ஒலிப்பதிவுகளை அனுப்ப அனுமதி உண்டு, மெதுவாப் போகும், மலிவு. ரெக்கார்டை உறையில் இருந்து வெளியே எடுத்து, உள் காகிதத்தோட உறைக்குப் பின்னால் வச்சு அனுப்புங்க. உள்ளேயே வச்சா தபாலில் குலுங்கிக் குலுங்கி உறையோட விளிம்பைக் கிழிச்சுடும்.

மீதி 26 சாதாரண எல்பியைத் தனித்தனியா ஏலம் விடாதீங்க. அஞ்சு ஆறா, ஒரே இசையமைப்பாளர் அல்லது ஒரே வருஷம்னு கட்டுங்க. ஒவ்வொரு கட்டிலும் கொஞ்சம் ஆசை காட்டுற எல்பி ஒண்ணு இருக்கட்டும். கட்டு 24.99-ல் ஆரம்பிக்கலாம்.

ஆங்கில எல்பிப் பெட்டியை இபேக்குக் கொண்டு போகவே வேண்டாம். கீறல் விழுந்த அறுபது எல்பி பதினஞ்சு கிலோ வரும், தபால் செலவே தின்னுடும். உள்ளூரில் மொத்தமா நேரில் எடுத்துக்கிட்டுப் போறவங்களுக்குக் கொடுத்துடுங்க.

---

ஏலக்கடை:

99 சென்ட்டை எல்லோரும் ஒதுக்குவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த ஆரம்ப விலை வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. மலிவாகத் தெரிவதால் முதல் நாளே பிட் விழுகிறது. ஒரு முறை கேட்டவருக்கு, தன்னை யாராவது முந்தினால் இபே அறிவிப்பு அனுப்புகிறது, அவர் திரும்ப வருகிறார். பிட் அதிகம் விழுந்த பொருளைப் பார்த்தால் புதிதாக வருகிறவருக்கும் நம்பிக்கை வருகிறது. டிவிடி ஏலங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் இது தெளிவாகத் தெரிந்தது: குறைவாக ஆரம்பித்ததால் பிட் எண்ணிக்கை கூடிய ஏலங்களின் பக்கமே கூட்டம் மேலும் சாய்ந்தது, அங்கே ஜெயித்தவர்கள் கூடுதலாகவே கொடுத்தார்கள்.

ஆனால் அது ஒரே சரக்கு ஆயிரக்கணக்கில் புழங்கும் சந்தை. புது ஐபோன், பிரபலமான வீடியோ கேம், தரச் சான்று பெற்ற போக்கிமான் கார்டு போன்றவற்றை 99 சென்ட்டில் தைரியமாக ஆரம்பிக்கலாம். எங்கே முடியும் என்பது முன்கூட்டியே ஏறக்குறைய தெரியும். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டது கேமரா ஒன்றுதான்.

ஏஇ-1 1976-ல் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்ற கேமரா. எந்த நாளில் தேடினாலும் இபேயில் வரிசையாக நிற்கும். நீங்கள் பார்த்த 60-க்கும் 180-க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் கேமராவின் நிலைமைதான். உங்களுடையதில் இவற்றைப் பாருங்கள்: முன்பக்கம் பேட்டரி மூடியின் சின்ன கொக்கி உடைந்திருக்கிறதா (இந்த மாடலில் அடிக்கடி உடைகிற இடம்). 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி போட்டு, மீட்டர் முள் நகர்கிறதா. ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருகிறதா. வந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, வாங்குகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பின்கதவைத் திறந்து ஓரத்து நுரைப் பட்டை பிசினாகக் கையில் ஒட்டுகிறதா. லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்து இலை நரம்பு மாதிரிப் பூஞ்சை தெரிகிறதா.

எல்லாம் சரி, நீங்களே இயக்கிப் பார்த்தது என்றால் அதே நிலையில் விற்றவற்றை மட்டும் எடுத்து நடு விலை பாருங்கள். 'சோதிக்கவில்லை' என்று எழுதினால் வாங்குகிறவர் 'ஓடாது' என்றே எடுத்துக்கொள்வார், பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள், அந்தச் செலவு பல மடங்காகத் திரும்பும்.

ஓடுகிற ஏஇ-1-ஐ ஏலம் விடுவதில் ஒரே லாபம் ஒரு வாரத்தில் கை மாறிவிடும் என்பது. அவசரம் இல்லையென்றால், நடு விலைக்கு மேல் பத்து சதவீதம் வைத்து நிலையான விலையில் பேரம் பேசும் வசதியோடு போடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஏலம்தான் என்றால் கணக்குப்பிள்ளை சொன்ன 75-ஐ ஒட்டி 74.99. அதே வாரம் அதே நேரத்தில் வேறு இரண்டு ஏஇ-1 ஏலம் முடிகிறதா என்று பார்த்து விலகிப் போடுங்கள்.

---

ஜெர்சிவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பேட்டரி மூடி நன்றாக இருக்கிறது, சத்தத்தைப் பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்க்கிறேன்.

எல்பிகளில் எட்டில் மூன்றுக்கு டெரபீக்கில் நான்கைந்து பேர் போட்டி போட்டிருக்கிறார்கள். மூன்றில் இரண்டிரண்டு பேர். இரண்டு எல்பி எங்குமே விற்றதாகத் தெரியவில்லை. இந்தக் கடைசி இரண்டுக்கு என்ன செய்வது? ரிசர்வ் வைக்கலாமா? ஏலத்தோடு 'உடனே வாங்கு' விலையும் சேர்த்துப் போட்டால் நல்லதா? நடுவில் ஒரு பிட்டும் விழவில்லை என்றால் விலையைக் குறைக்க முடியுமா?

---

பழையபொருள்:

ரிசர்வ் வேண்டாம். முதலாவது, காசு: ரிசர்வ் விலையில் 7.5 சதவீதம் அல்லது 5 டாலர், எது அதிகமோ அது, பொருள் விற்காவிட்டாலும் போய்விடும். 40 டாலர் எல்பிக்கு 5 டாலர் என்பது எட்டில் ஒரு பங்கு. இரண்டாவது, 'ரிசர்வ் எட்டவில்லை' என்ற வரியைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர் ஒதுங்கிவிடுவார். உண்மையான விலை எது என்று தெரியாமல் ஏன் நேரம் செலவழிக்க வேண்டும் என்றுதான் நினைப்பார். போக்கிமான் கார்டுகளை ஜோடி ஜோடியாக, ஒன்று வெளிப்படையான ஆரம்ப விலையில், இன்னொன்று அதே அளவு மறைவான ரிசர்வோடு ஏலம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரிசர்வ் வைத்தவைதான் குறைவாக விற்றன, விலையும் குறைந்தது. அந்த எண்ணை மறைக்காமல் ஆரம்ப விலையாகவே போடுங்கள், கட்டணமும் இல்லை.

'உடனே வாங்கு' விலை ஆரம்ப விலையைவிட 30 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும், 20 என்றால் 26-க்குக் குறையாமல். ஆனால் முதல் பிட் விழுந்ததுமே அந்தப் பொத்தான் மறைந்துவிடும். யாராவது 20 போட்டு அந்தப் பொத்தானை நீக்கிவிடுவார்கள். இரண்டு பேர் மட்டும் போட்டியிடுகிற உங்கள் நடு மூன்று எல்பிகளுக்கு இது பொருந்தும்: ஆரம்ப விலை 24.99, உடனே வாங்கு நடு விலைக்குச் சற்று மேலே. அவசரக்கார கலெக்டர் முதல் நாளே எடுத்துக்கொள்வார். நான்கைந்து பேர் மோதுகிற மூன்றுக்கு அதை வைக்காதீர்கள், மேலே போகிற விலைக்கு நீங்களே மூடி போட்டதாகிவிடும். அவை 9.99 போதும்.

எங்குமே விற்றதாகத் தெரியாத இரண்டையும் ஏலம் விடக் கூடாது. ஒப்பிட விலை இல்லாத பொருளுக்கு இரண்டாவது ஆள் அந்த ஏழு நாளுக்குள் வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நிலையான விலையில் உயரமாகவே வையுங்கள், பேரம் பேசும் வசதியைத் திறந்து வையுங்கள், மாதக்கணக்கில் நிற்கட்டும். எத்தனை பேர் 'கவனிப்பில்' (வாட்ச்லிஸ்ட்) போட்டார்கள், என்னென்ன தொகைக்குக் கேட்டார்கள் என்பதே உங்களுக்கு விலை ஆராய்ச்சி. அதில் இரண்டு பேர் நெருக்கமான தொகை சொன்னால் அப்போது ஏலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

விலை குறைப்பது: ஒரு பிட்டும் இல்லாமல் 12 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் ஆரம்ப விலையை மாற்றலாம். ஒரு பிட் விழுந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் அவசரப்பட்டு இறக்காதீர்கள். ஆறு நாள் சும்மா கிடந்து கடைசி நிமிடத்தில் கேட்கிற எல்பிகள் நிறைய. கவனிப்பில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் விலையைத் தொட வேண்டாம். ஏழு நாளும் முடிந்து விற்காவிட்டால் ஆரம்ப விலையில் கால் பங்கைக் குறைத்து, 'இதேபோல் விற்க' என்ற வழியில் புது லிஸ்டிங்காகப் போடுங்கள், தேடலில் புதிதாக வந்ததாகத் தெரியும்.

நடுவே "ஏலத்தை நிறுத்திவிடுங்கள், 50 டாலர் தருகிறேன்" என்று செய்தி வரும். நல்ல எல்பிக்கு இது நிச்சயம் வரும். அப்படி ஒருவர் கேட்கிறார் என்றால் 50-க்கு மேல் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இபேக்கு வெளியே பணம் வாங்குவது விதிமீறல், பணம் வராவிட்டால் கேட்கவும் நாதி இருக்காது. ஏலத்திலேயே கேளுங்கள் என்று பதில் போட்டுவிடுங்கள்.

தெரிந்தவர் ஒருவரை ஏலம் கேட்க வைத்து விலையை ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். அது மோசடி, கணக்கே முடங்கும். அந்த ஆசை வருகிறது என்றால் ஆரம்ப விலையைத் தாழ்வாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

---

ஜெர்சிவாசி:

சரி, மூன்று எல்பி 9.99, மூன்று 24.99, இரண்டு நிலையான விலை, சாதாரண எல்பிகள் ஐந்து ஆறாகக் கட்டி 24.99. கடைசியாக ஒன்று. ஜெயித்தவர் பணம் கட்டாமல் இருந்துவிட்டால் மறுபடி முதலில் இருந்தா?

---

கணக்குப்பிள்ளை:

தேவையில்லை. நான்கு நாள் பொறுங்கள். அதற்குள் கட்டாவிட்டால் 'பணம் கட்டவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டரை ரத்து செய்யுங்கள், அந்தக் காரணத்தை மாற்றிப் போட்டால் கட்டணம் திரும்பி வருவதில் சிக்கல். பிறகு இரண்டாவதாக வந்தவருக்கு இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம். அவருக்குப் போகும் விலை அவர் போட்டிருந்த உச்ச விலை, ஏலம் முடிந்த விலை அல்ல. உங்கள் 9.99 எல்பி 43-ல் முடிந்திருந்தால் அவருக்கு 42. ஏலம் முடிந்த அரை மணியில் அனுப்பினால் நீங்களே ஆள் விட்டு ஏற்றியதாக நினைப்பார், ரத்து முடிந்த பிறகு அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் அவருடைய 42 உண்மையா என்று பிட் வரலாற்றில் பார்த்துவிடுங்கள். பணம் கட்டாமல் போன ஆளே விலையை ஏற்றிவிட்டிருந்தால், அதாவது அந்த ஆளும் 42 போட்டவரும் தவிர மற்றவர்கள் எல்லாரும் 20-ஐச் சுற்றி நின்றிருந்தால், 42 போட்டவர் பெரும்பாலும் மறுத்துவிடுவார். அப்போது புது லிஸ்டிங் போட்டு, இந்த முறை ஆரம்ப விலையை 14.99 ஆக்குங்கள்.